கூரையைப் பிரித்த நால்வர்



இன்று வாசித்த மாற்கு நற்செய்திப் பகுதியில் (2:1-12) முடக்குவாதக்காரர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நால்வர் அவரைச் சுமந்து வந்தார்கள். கூட்டம் வழிவிடவில்லை. கூரையைப் பிரித்து, ஆண்டவர் முன்னால் இறக்கினார்கள். அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டுதான் ஆண்டவர் முடக்குவாதக்காரரிடம் பேசினார்.

டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் தினம். நம் சங்கரன்கோவில் வட்டாரத்தில் எச்.ஐ.வி.யோடு வாழும் ஏழைக் குடும்பங்களை மனதில் வைத்தே இந்த நால்வரைப் பற்றிப் பேசுகிறேன். 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டறிந்தபோது, கொடுப்பதற்கு மருந்தே இல்லை. 2004 ஏப்ரல் முதல் அரசு, கிருமியை அடக்கிவைக்கும் ஏ.ஆர்.டி. மருந்தை இலவசமாகத் தருகிறது. பெரும்பாலோருக்கு இன்று தினம் ஒரு மாத்திரை போதும். விடாமல் சாப்பிட்டு, பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி அடங்கிவிட்டால், கணவன் மனைவிக்குள்கூட அது தொற்றாது. கர்ப்பிணி உரிய காலத்தில் மருந்து எடுத்தால், பிள்ளை பெரும்பாலும் கிருமியின்றிப் பிறக்கிறது.

மாத்திரை இலவசம்தான். அதை வாங்கப் போய்வருவதற்குச் செலவிருக்கிறது. நெல்லை ஹைகிரவுண்ட் மருத்துவமனைக்குப் போய்த் திரும்ப 100 கிலோமீட்டருக்கு மேல். விசைத்தறியில் நிற்பவருக்கு அன்றைய கூலி போயிற்று. வீட்டில் பூக்கட்டும் பெண்ணுக்குச் சின்னப் பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கவலை. எல்லாவற்றையும் விட, மருந்து வரிசையில் நம் ஊர் முகம் ஏதாவது எதிர்ப்பட்டுவிடுமோ என்ற பயம். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று நடுங்கியே மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு. நிறுத்தினால் கிருமி மறுபடி தலையெடுக்கும். காசநோயும் வந்து சேரலாம்.

பெற்றோர் இருவரும் இந்நோயில் இறந்து, கிருமியோடு ஆச்சியிடம் வளரும் பிள்ளைகளை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. "எனக்கு மட்டும் எதுக்கு ஆச்சி தினமும் மாத்திரை?" என்று பிள்ளை கேட்டால் அந்த வயதான அம்மா என்ன சொல்வார்? சத்துக் குறைவுக்கு என்று சில வருடம் சமாளிக்கலாம். பதின்மூன்று, பதினான்கு வயதில் பிள்ளை கோபத்தில் மாத்திரையைத் தூக்கி எறியும். அப்போது ஆச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து, பக்குவமாய் உண்மையைச் சொல்ல ஒருவர் வேண்டும். ஊரோடு இருந்து பணிசெய்யும் தொண்டு அமைப்புகளின் ஊழியர்கள் செய்வது இதைத்தான். வாசல் ஏறிப் போகிறார்கள், சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள், மருத்துவமனைக்குக் கூடவே போகிறார்கள். அவர்களை நான் மனதார வணங்குகிறேன்.

"இயேசு முதலில் பாவத்தைத்தானே மன்னித்தார், சாமி?" என்று சிலர் கேட்பீர்கள். ஆம், மன்னித்தார். ஆனால் எப்படி வந்தது இந்த நோய் என்று விசாரிக்கவில்லை. மகனே என்று அழைத்தார். உட்கார்ந்து குறை தேடியவர்கள் மறைநூல் அறிஞர்கள். நாமும் அப்படிக் குறை தேடவேண்டாம். 1998-இல் கௌசல்யா பெரியசாமி சென்னையில் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். கணவனால் தொற்று பெற்றவர் அவர். அவரைப் போன்ற எத்தனையோ பெண்கள், கணவன் இறந்ததும் புகுந்த வீட்டிலிருந்து பழியோடு வெளியேற்றப்பட்டிருக்கிறார்கள். அவர்களிடம் நாம் எந்தப் பாவத்தை விசாரிக்கப்போகிறோம்?

இன்னொன்றும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். உதவி செய்கிறேன் என்று ஒருவருடைய நோயை ஊருக்குச் சொல்லிவிடாதீர்கள். வேலையிலும் பள்ளியிலும் வாடகை வீட்டிலும் இவர்களை ஒதுக்குவதை 2017-இல் இயற்றப்பட்ட எச்.ஐ.வி. சட்டம் தடைசெய்கிறது, ஒருவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதையும் அது தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நமக்கு அது கடமை. செப அறிவிப்பில் பெயர் வேண்டாம், படம் எடுக்க வேண்டாம்.

இந்த வாரம் அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். யாருக்கு நோய் என்று பேசவேண்டாம். மருத்துவமனை போகும் நாளில் ஒரு வீட்டுப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது, பஸ் செலவுக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று பேசுங்கள். வின்சென்ட் தே பவுல் சபையினர் வழக்கமாகக் கொடுக்கும் அரிசி, பருப்போடு இந்தக் குடும்பங்களுக்கு முட்டையும் பயறும் சேர்த்துக் கொடுக்கட்டும். பரிசோதனை செய்யத் தயங்குகிறவர்கள் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குப் போகலாம். எய்ட்ஸ் உதவி எண் 1097-ஐக் கட்டணமின்றி அழைக்கலாம். தனியாகப் போகப் பயமாயிருந்தால் என்னிடம் வாருங்கள், நான் கூட வருகிறேன்.