விழுந்தவனைச் சுடும் விளையாட்டு

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டுகளுக்கென ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கெல்லாம் தடை விதித்த அதே சட்டம், இ-ஸ்போர்ட்ஸ் என்னும் போட்டி ஆட்டங்களை அங்கீகரித்து வளர்க்கவும் வழி செய்கிறது. ஆன்லைன் ரம்மியில் கடனாளியாகி உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளைப் படித்துப் படித்து நொந்துபோன தமிழ்நாடு அந்தத் தடையை வரவேற்றது இயல்பே. ஆனால் சட்டம் எங்கே கோடு போட்டிருக்கிறது என்று பார்த்தால் மனம் கலங்குகிறது. பிள்ளையின் கையிலிருந்து பணம் போனால் குற்றம். தொண்ணூற்றொன்பது பேர் செத்து விழ, கடைசி ஆளாக நிற்பதில் அவன் இன்பம் காணப் பழகினால் அது திறமை. பப்ஜியின் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ ஆட்டத்துக்கு 2 கோடி ரூபாய் பரிசுத் தொகையோடு போட்டிகள் நடந்திருக்கின்றன.

இதே ஆட்டத்தை அரசு இரண்டு முறை நிறுத்தியதும் உண்டு. 2020 செப்டம்பரில் 118 செயலிகளில் ஒன்றாகப் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்று பெயர் மாறி வந்தது. 2022 ஜூலையில் அதுவும் நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பி வந்தது. இரண்டு முறையும் பேசப்பட்டது நாட்டின் பாதுகாப்பும் பயனர்களின் தரவும்தான். பணத்தை எடைபோட்டோம், தரவை எடைபோட்டோம். கருணையை யாரும் தராசில் வைக்கவில்லை.

கொலையை இன்பமாக்கித் தரும் விளையாட்டு, அதை ஆடுபவன் வெளியே ஓர் எறும்பைக்கூட மிதிக்காதவனாக இருந்தாலும், அறத்துக்கு மாறானது. வளரும் பிள்ளையின் கையில் அதைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது பெரியவர்களின் பிழை.

அதன் ஈர்ப்பைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபப் படித்துறையிலும் உத்திர வீதித் திண்ணைகளிலும், திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலும், கைப்பேசியைக் குறுக்கே பிடித்துக் குனிந்திருக்கும் இளைஞர்களைப் பார்க்கலாம். நூறு பேர் வெறுங்கையோடு பாராசூட்டில் குதிக்கிறார்கள். கிடைத்த வீட்டுக்குள் புகுந்து துப்பாக்கி தேடுகிறார்கள். உயிர் தங்கும் வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. காதொலிப்பானில் எதிரியின் காலடி கேட்கிறது. அந்த அரை மணி நேரத்தில் பரீட்சையும் இல்லை, வேலை கிடைக்காத ஏக்கமும் இல்லை. இதை வடிவமைத்த பிரெண்டன் கிரீன், ‘பேட்டில் ராயல்’ என்ற ஜப்பானியத் திரைப்படத்திலிருந்து தூண்டுதல் பெற்றவர். 2000-இல் வந்த அந்தப் படத்தில் பள்ளி மாணவர்களை ஒரு தீவில் விட்டு ஒருவரையொருவர் கொல்லும்படி அரசே கட்டாயப்படுத்துகிறது. பார்ப்பவரை நடுங்க வைத்த கற்பனை, பதினேழே ஆண்டுகளில் பொழுதுபோக்காகிவிட்டது.

இந்த ஆட்டத்தில் குழுவாக ஆடும்போது குண்டடிபட்டவன் உடனே சாவதில்லை. ‘நாக்’ ஆகிறான். ஆயுதமின்றி, கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்கிறான். கூட்டாளி வந்து ‘ரிவைவ்’ செய்தால் எழுந்துகொள்வான். அதற்குள் எதிரி இன்னொரு முறை சுட்டால் கதை முடிந்தது. அவன் உடைமைகள் ஒரு பெட்டியாகக் கிடக்கும், கொன்றவன் ‘லூட்’ அடித்துக்கொள்ளலாம். தவழ்பவனைச் சுடுவது இங்கே தவறு என்று கருதப்படுவதில்லை. அது நல்ல உத்தி.

தமிழரின் போர் அறம் முழுவதும் இந்த இடத்தில்தான் எதிர்த்து நிற்கிறது. புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில் நெட்டிமையார் பாடும் முதுகுடுமிப் பெருவழுதி, அம்பு விடுவதற்கு முன்பே பசுக்கள், அந்தணர், பெண்கள், நோயாளிகள், புதல்வரைப் பெறாதோர் அனைவரும் பாதுகாப்பான இடம் தேடிக்கொள்ளும்படி அறிவிக்கிறான். யாரைக் கொல்லக் கூடாது என்ற அறிவிப்போடுதான் அவனுடைய போர் தொடங்குகிறது. திருச்சியின் ஒரு பகுதியான உறையூரிலேயே நலங்கிள்ளி கோட்டையை முற்றுகையிட்டிருக்க, நெடுங்கிள்ளி உள்ளே அடைபட்டிருந்தான். இருவரும் ஆத்தி சூடும் சோழர்கள். எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று இடையில் நின்று சொன்னார் கோவூர் கிழார். யானைக் காலில் இடறக் கொண்டுவரப்பட்ட மலையமானின் குழந்தைகளுக்காகக் கிள்ளிவளவனிடம் வாதாடியவரும் அவரே. யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்துவிட்ட அந்தச் சிறுவர்களின் முகத்தை அரசன் பார்க்கும்படி செய்ததுதான் அவர் வாதத்தின் வலிமை. இந்த ஆட்டத்தில் இல்லாத ஒன்று உண்டென்றால் அது விழுந்தவனின் முகம்.

பெற்ற மக்கள்மீதே படையெடுக்கத் துணிந்த கோப்பெருஞ்சோழன், புல்லாற்றூர் எயிற்றியனாரின் சொல் கேட்டுப் போரைக் கைவிட்டு வடக்கிருந்தான். வள்ளுவர் கொல்லாமைக்கும் இன்னா செய்யாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். படைச்செருக்கைப் பாடும்போதுகூட, பகைவனுக்குத் துன்பம் வந்தபோது உதவுவதையே வீரத்தின் கூர்மையாகக் கண்டார். உயிரைப் பறித்துக் கிடைக்கும் செல்வம் மலையளவு இருந்தாலும் பெரியோருக்கு இழிவுதான் என்பதும் அவர் கருத்து. ஸ்ரீரங்கத்தில் தாயார் சந்நிதி எதிரே உள்ள மண்டபத்தில் கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றினார் என்பது மரபு. அந்தக் காவியத்தின் இராமன், படைக்கலம் இழந்து தனித்து நின்ற இராவணனை மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவைக்கிறான். மனைவியைக் கவர்ந்தவனுக்கே அந்த அவகாசம். மலைக்கோட்டை அடிவாரத்தில் நாயக்க அரசுப் பணியில் இருந்த தாயுமானவர், எல்லா உயிர்களின் நலத்தையன்றி வேறு வரம் கேட்கத் தெரியாதவர்.

உண்மையான கொலைக்களம் எப்படியிருக்கும் என்பதும் ஸ்ரீரங்கத்துக்குத் தெரியும். 1323-இல் நடந்த தில்லி சுல்தானியப் படையெடுப்பில் அங்கே பன்னீராயிரம் பேர் மடிந்ததாகக் கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு சொல்கிறது. வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர், மற்றோர் ஆசாரியரான சுதர்சன சூரியின் இரு பிள்ளைகளையும் ஓர் ஏட்டுச்சுவடியையும் காப்பாற்றப் பிணங்களுக்கு நடுவே பிணம்போல் கிடந்தார் என்று குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன. அப்போது ஊரைவிட்டுக் கொண்டுசெல்லப்பட்ட அரங்கன் திரும்பி வர 1371 ஆயிற்று. ஆனால் பிஜிஎம்ஐயில் இரத்தம் பச்சை நிறத்தில் தெறிக்கிறது. நிறத்தை மாற்றத் தோன்றியதே, காட்டக் கூடாத ஒன்றைக் காட்டுகிறோம் என்பதை நிறுவனம் அறிந்திருப்பதற்குச் சான்று.

மறுபக்கத்திலும் சொல்ல உண்டு. இத்தகைய ஆட்டங்களைக் கொடுங்குற்றங்களோடு இணைக்கப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் கூறியது. நண்பர்கள் ஒன்றுகூடி ஒருவரையொருவர் காத்து ஆடும் தோழமையும் மெய்தான். ஆனால் குற்றப்பத்திரிகையில் ஏறாததெல்லாம் நல்லதாகிவிடாது. மனம் எதில் தினமும் திளைக்கிறதோ அதன் சாயலைப் பெறுகிறது. இரக்கமின்றி ஆடப் பழகிய இடத்தில் நாவும் இரக்கம் இழக்கிறது: ‘பப்ஜி மதன்’ என்று அறியப்பட்ட யூடியூபர், ஆட்டத்தை ஒளிபரப்பியபடியே பெண்களை ஆபாசமாகப் பேசியதாக 2021 ஜூனில் தருமபுரியில் கைதானார். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

2023-இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழு ஃபோர்ட்நைட் ஆட்டத்துக்குள்ளேயே ஒரு களம் அமைத்து, போரின் விதிகளின்படி ஆடச் சொன்னது. அது கேட்ட முதல் விதி, விழுந்துவிட்டவனைச் சுடாதே என்பது. நெட்டிமையாரின் மன்னன் அம்பெடுக்கும் முன் சொன்னதன் வழிதான் இது. செய்ய முடியும் என்று காட்டப்பட்டுவிட்டது.

நாடாளுமன்றத்தின் முழுத் தடை வருவதற்கு முன்பே, பண ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை தடை விதித்துத் தமிழ்நாடு அரசு 2025-இல் நெறிமுறை வகுத்தது. அதே அக்கறையைக் கொலை ஆட்டங்களின் மீதும் அரசு காட்ட வேண்டும். தவழ்பவனைச் சுட்டால் புள்ளி கழியும்படி நிறுவனங்கள் விதி செய்யட்டும். அதுவரை, பெற்றோரே, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் கைப்பேசியிலிருந்து இதை நீக்கிவிடுங்கள். ஏன் நீக்கினோம் என்பதை அவர்களிடம் உட்கார்ந்து சொல்லுங்கள்.