முகமூடிக்குள்ளே ஒரு முகம்



நவம்பர் மாதம் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமங்களின் மாதம். கல்லறைகளைச் சுத்தம் பண்ணுகிறோம்; மெழுகுதிரி கொளுத்துகிறோம்; சுவரில் மாட்டிய படத்துக்கு மாலை போடுகிறோம். நல்லதுதான். ஆனால் மரித்தவர்களை எந்த மனதோடு நினைக்க வேண்டும்? தூரதேசத்தில் குஸ்திக்காரர்களைப் படம் பிடித்த ஓர் அம்மையாரின் வாழ்வு இதற்கு நல்ல பாடம்.

தாரா சிங், கிங் காங் இவர்களுடைய குஸ்தியைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மெக்சிக்கோ தேசத்திலும் அப்படிப்பட்ட காட்சிக் குஸ்தி உண்டு. அங்கே குஸ்திக்காரர் பலர் முகமூடி தரித்தே கோதாவில் இறங்குவார்கள். முகமூடியை இழப்பது அவர்களுக்குப் பெரும் அவமானம். அவர்களில் மிகப் பிரசித்தி பெற்றவர் எல் சாந்தோ. அப்பெயருக்குப் புனிதர் என்று பொருள். 1984-ல் அவர் மரித்தபோது முகமூடியோடேயே அடக்கம் செய்தார்கள்.

இவர்களைப் படம் பிடித்தவர் லூர்தெஸ் குரோபெட் அம்மையார். 1940-ல் பிறந்து 2022-ல் மரித்தவர். சிறுவயதில், பெண்பிள்ளை என்பதால் குஸ்தி பார்க்கத் தகப்பனார் அனுமதிக்கவில்லை. வளர்ந்தபின் காமிராவோடு கோதாவின் ஓரத்துக்கே போய் நின்றார். பல வருஷம் பழகி அவர்களுக்குச் சிநேகிதியானார். அவர்கள் வீட்டுக்குள்ளும் போனார். அவர் எடுத்த படமொன்றில், முகமூடி தரித்த குஸ்திக்காரி ஒருத்தி கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் ஊட்டுகிறாள். ஜனங்கள் கூச்சலிட்டுப் பார்த்தது முரட்டு வேஷம். உள்ளே இருந்தது ஒரு தாய்.

சகோதரரே, நாமும் பிறருக்கு முகமூடி மாட்டுகிறோம். 2024 ஜூன் மாதம் நம் கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும், விஷச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டார்கள். பலர் அன்றாடங்காய்ச்சிகள். "குடித்தான், செத்தான்" என்று ஒரே வார்த்தையில் அவர்கள் கதையை முடித்தவர்கள் நம்மிலும் உண்டு. கல்வராயன் மலையில் சாமையும் மரவள்ளியும் பயிரிட்டுப் பிழைக்கிற ஜனங்களையும், யாரோ சிலர் சாராயம் காய்ச்சியதற்காக, சாராயக்காரர் என்றே பேசுகிறோம். இவையெல்லாம் நாம் மாட்டிய முகமூடிகள். மாண்டவன் ஒரு பிள்ளைக்குத் தகப்பன். சம்பளநாளில் பலகாரப் பொட்டலம் வாங்கிப்போனவன். அந்த முகத்தை யார் காத்து வைத்தார்கள்?

குடிவெறி பாவமல்லவென்று நான் சொல்லவில்லை. அது ஆத்துமத்தையும் குடும்பத்தையும் அழிக்கும் பாவமே. ஆனால் தீர்ப்பு சர்வேசுரனுடையது. மனிதன் வெளித்தோற்றத்தைப் பார்க்கிறான், அவரோ இருதயத்தைப் பார்க்கிறார் என்று சாமுவேல் தீர்க்கதரிசிக்கு உணர்த்தப்பட்டது. மக்கபேயர் ஆகமத்தை நினையுங்கள். யுத்தத்தில் விழுந்த வீரர்களின் உடைக்குள்ளே விக்கிரகத் தாயத்துகள் இருக்கக் கண்டார்கள். யூதாஸ் மக்கபே அவர்களைத் தள்ளிவிட்டாரா? இல்லை. 2000 வெள்ளிக்காசு திரட்டி, அவர்கள் பாவத்துக்காகப் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்பினார். குற்றத்தோடு விழுந்தவனுக்காகவே செபம் அதிகம் தேவை.

சிலுவைப்பாதையின் ஆறாம் ஸ்தலத்தில் வெரோணிக்கம்மாளைத் தியானிக்கிறோம். கூட்டத்தார் கண்டது ஒரு குற்றவாளியை. அந்த அம்மாளோ இரத்தமும் எச்சிலும் படிந்த திருமுகத்தைக் கண்டு, தன் துகிலால் துடைத்தாள்.

ஆகையால் இம்மாதம் மூன்று காரியம் செய்யுங்கள். மரித்தோர் பட்டியலில் உங்கள் வீட்டாருடைய பெயரோடு, நீங்கள் இகழ்ந்த ஒருவருடைய பெயரையும் எழுதுங்கள். அவருக்காக ஒரு நாளாவது திவ்விய பலிபூசை கண்டு செபியுங்கள். குடியால் தகப்பனை இழந்த பிள்ளைகள் உங்கள் தெருவில் இருந்தால், அந்த வீட்டுப் படியேறி, பள்ளிக்கூடச் செலவுக்கு என்ன வழி என்று விசாரியுங்கள்.

சர்வேசுரனுடைய சந்நிதியில் எந்த முகமூடியும் நில்லாது. பிறர் நமக்கு மாட்டியதும் நில்லாது, நாமே தரித்ததும் நில்லாது. அந்நாளில் அவர் நம் முகத்தை இரக்கத்தோடு பார்க்கும்படி, இன்று நாம் பிறர் முகத்தை இரக்கத்தோடு பார்ப்போமாக.

மரித்த விசுவாசிகளின் ஆத்துமங்கள் சர்வேசுரனுடைய இரக்கத்தினால் சமாதானத்தில் இளைப்பாறக்கடவன. ஆமென்.