அன்பிலிருந்து பின்னோக்கி

மருத்துவமனையின் தரத்தை எப்படி அளப்பது என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர் அவேதிஸ் டோனபேடியன். 2000 நவம்பரில் காலமாவதற்குச் சற்று முன் அவர் அளித்த பேட்டி மறு ஆண்டு வெளியானது. தரத்தின் ரகசியம் கடைசியில் அன்புதான் என்று அதில் சொன்னார். நோயாளியை நேசிக்க வேண்டும், தொழிலை நேசிக்க வேண்டும், கடவுளை நேசிக்க வேண்டும். அது இருந்துவிட்டால் அங்கிருந்து பின்னோக்கி வந்து அமைப்பைச் சீர்செய்துகொள்ளலாம் என்பது அவர் வாதம். ஒரு துறவி இப்படிச் சொல்லியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். ஆயுள் முழுக்க அளவுகோல்களோடு புழங்கிய பேராசிரியர் சொன்னதால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. அளக்கவே முடியாத ஒன்று அளவைக்கெல்லாம் அடித்தளமாக முடியுமா?

1919இல் பெய்ரூட்டில், ஓர் ஆர்மேனியக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தந்தை மருத்துவர். பாலஸ்தீனத்து ரமல்லாவில் வளர்ந்து, பெய்ரூட்டின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, ஹார்வர்டில் பொதுச் சுகாதாரம் பயின்று, 1961இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1966இல், அவர் எழுதிய ஒரே ஒரு நீண்ட கட்டுரை இந்தத் துறைக்கே இலக்கணம் வகுத்தது. கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்று கோணங்களில் சிகிச்சையைப் பார்க்கச் சொன்னது அது. கட்டில், கருவி, ஆள்பலம் எல்லாம் முதலாவது. யார் எதை எப்படிச் செய்தார்கள் என்பது இரண்டாவது. நோயாளிக்குக் கடைசியில் என்ன ஆனது என்பது மூன்றாவது. மருத்துவச் சேவையின் தரம் பற்றிய வகுப்புகளில் இன்றும் இது பாடமாக இருக்கிறது.

அதே கட்டுரையில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. உயிரைப் பறிக்காத, ஆனால் ஆளை முடக்கிப்போடும் நோய்க்கு, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்ற கணக்கு எதையும் சொல்லாது. எதை எண்ணுவது என்று எண்கள் தாமாகச் சொல்வதில்லை. நோயாளி எதற்காகத் தவிக்கிறார் என்று யோசித்த ஒருவர்தான் சொல்ல முடியும்.

ஆனாலும் அன்பு மட்டும் போதும் என்றால் மிச்சிகனிலேயே அதற்கு மறுப்பு கிடைக்கும். அந்த மாநிலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த முயற்சியின் முடிவுகள் 2006இல் வெளியாயின. பெரிய ரத்தக்குழாயில் செருகும் கதீட்டர் வழியாகப் பரவும் தொற்றைத் தடுக்க அங்கே ஐந்தே விதிகள்: கையைக் கழுவு, நோயாளியை முழுக்கக் கிருமிநீக்கிய துணியால் மூடு, குளோர்ஹெக்சிடின் தடவு, முடிந்தவரை தொடை வழியாகச் செருகாதே, தேவையில்லாத கதீட்டரை உடனே எடு. ஒரு படி விடுபட்டால் டாக்டரையே நிறுத்தும் அதிகாரம் நர்ஸுக்கு இருந்தது. ஆயிரம் கதீட்டர் நாட்களுக்கு 2.7 என்றிருந்த தொற்றின் இடைநிலை அளவு மூன்றே மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. அதற்கு முன் அங்கே வேலைபார்த்தவர்கள் இரக்கமற்றவர்களா? நிச்சயமாக இல்லை. நோயாளிக்காக உருகுகிற டாக்டரின் கையிலும் கிருமி இருக்கும்.

இந்த மறுப்பு டோனபேடியனைத் தோற்கடிப்பதாகத் தெரியவில்லை. அமைப்பும் வடிவமைப்பும் தேவை, ஆனால் அவை துணைக்கருவிகள் என்றுதான் அவரும் சொன்னார். அந்த ஐந்து விதிகளில் புதிதாக எதுவுமில்லை. எல்லாம் முன்பே தெரிந்தவை. கதீட்டர் போட்டால் கொஞ்சம் தொற்று வரத்தான் செய்யும் என்று ஏற்றுக்கொள்ள யாரோ மறுத்தார்கள். அந்த மறுப்பை எந்தப் பட்டியலாலும் உண்டாக்க முடியாது. நோயாளி மீதுள்ள அக்கறை என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இருப்பதாகத் தோன்றவில்லை.

இந்தப் பின்னோக்கிய பயணத்தை மதுரையில் கண்ணால் பார்க்கலாம். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஹார்வர்டு வணிகப் பள்ளி பாடமாக எழுதிய சேவை அமைப்பு. பெயர் ஸ்ரீஅரவிந்தருடையது, வேலையை ஆன்மிகப் பயிற்சியாகவே கண்டவர் நிறுவனர். அறுவை அரங்கிலோ தொழிற்சாலை ஒழுங்கு. ஒரு மேசையில் கண்புரை அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியை நர்ஸ்கள் தயார் செய்துவிடுவார்கள். முதல் அறுவை முடிந்ததும் மைக்ராஸ்கோப் அந்தப் பக்கம் திரும்பும், டாக்டரும் திரும்புவார். மனிதரை வெறும் சரக்காக்குகிற வேலையல்லவா இது என்று கேட்கத் தோன்றும். ஆனால் மிச்சமாகும் அந்த நிமிடங்களில்தான் பணம் கட்ட முடியாதவருக்கும் இடம் கிடைக்கிறது. அறுவை இலவசம் என்றாலும் கிராமத்துப் பாட்டிக்குப் பஸ் செலவும் சாப்பாடும் துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலியும் தடையாக நிற்கும். அதைப் புரிந்துகொண்டுதான் கண் பரிசோதனை முகாமிலிருந்து அழைத்துவந்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவிடுவதையும் சிகிச்சையின் பகுதியாக்கினார்கள்.

டோனபேடியனுக்கே கடைசிக் காலத்தில் இப்படி ஒரு கை கிடைக்கவில்லை. புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது அவர் கண்டது, தனித்தனியே திறமைசாலிகளும் மொத்தத்தையும் பார்க்க ஆளில்லாத நிலையும்தான். நோயாளியின் சுயஉரிமை என்று எல்லோரும் பேசுகிறார்கள், நடைமுறையில் அது அவரைத் தனியே கைவிடுவதாக மாறிவிடுகிறது என்று அதே பேட்டியில் வருந்தினார். மருந்து சரியாக இருந்திருக்கலாம், கருவியும் ஓடியிருக்கலாம். அடுத்து யாரிடம் போவது, யாரைக் கேட்பது என்று நோயாளியே அலைகிற வேலை எந்த அளவுகோலிலும் பதிவாகவில்லை. அது அவருக்குத் தெரிந்தது, அந்தப் படுக்கையில் இருந்ததால்.