வராந்தாவில் நிற்பவன்

1956 நவம்பர் 26. பென்சில்வேனியாவில் அபிங்டன் உயர்நிலைப் பள்ளி. தினமும் காலையில் பைபிளிலிருந்து பத்து வசனங்கள், விளக்கம் எதுவுமின்றி, வாசிக்கப்பட வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அன்று வாசிப்பு நடக்கையில் எல்லெரி ஷெம்ப் என்ற 16 வயது மாணவன் தன்பாட்டுக்குக் குரானை மௌனமாகப் படித்துக்கொண்டிருந்தான். பிரின்ஸிபாலிடம் அனுப்பினார்கள்.

வழக்கு நடக்கையில், 1959ல், சட்டத்தைத் திருத்தினார்கள். பெற்றோர் எழுதிக் கொடுத்தால் பிள்ளை விலகியிருக்கலாம். பெருந்தன்மைதான். தந்தை ஏற்கவில்லை. வராந்தாவில் நிற்கிறவனைத் தண்டனை பெற்றவனாகத்தான் பார்ப்பார்கள், நாத்திகன் என்பார்கள் என்று கோர்ட்டில் சொன்னார். அந்நாளைய அமெரிக்காவில் நாத்திகன் என்றால் பாதி கம்யூனிஸ்ட். (குடும்பமோ யூனிட்டேரியன் சர்ச்சுக்குப் போய்வந்த குடும்பம்.)

அவர் சொன்னதில்தான் விஷயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. விலக்கு அளிக்கிறபோதே வகுப்பறை யாருடையது என்பது தீர்மானமாகிவிடுகிறது. இப்படி மறுக்கிற மாணவனை ஆதரிப்பதாகச் சொல்லும் நம்மில் பலர், நானும் சேர்த்திதான், அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டதும் திருப்தியடைந்துவிடுகிறோம். அவன் தன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க விரும்பினான் என்பது நமக்குச் சங்கடமாக இருக்கிறது.

1963 ஜூனில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்த வாசிப்பை அரசியல் சட்டத்துக்குப் புறம்பானது என்றது. எல்லெரி பள்ளியை முடித்து ஐந்து வருஷமாகியிருந்தது. வழக்கில் இருந்தது தம்பியும் தங்கையும்.