பார்த்து வரைந்த படம்

டிராயிங் வாத்தியார் வருவதற்கு முன்பே உங்களுக்கு ஒரு குரு கிடைத்துவிட்டார். சுவரில் மாட்டிய காலண்டர்தான் அந்தக் குரு. மளிகைக் கடையில் இனாமாகக் கொடுத்தது. கீழே தேதித்தாள், மேலே முருகன். டிசம்பரோடு தேதித்தாள் தீர்ந்துவிடும், படம் தீராது. அதை வெட்டிச் சட்டம் போட்டுப் பூஜை அறையில் மாட்டிய வீடுகள் எத்தனை!

அந்த முருகனை எப்படி வரைந்தீர்கள், நினைவிருக்கிறதா? வெள்ளைத் தாளில் தேங்காய் எண்ணெய் தடவி, துணியால் ஒற்றி எடுத்தால் தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதைப் படத்தின் மேல் விரித்தால் கிரீடம் தெரியும், வேல் தெரியும், மயிலின் கழுத்து வளைவு தெரியும். பென்சில் வழுக்கும். கிரீடத்துக் கல்லையெல்லாம் விறுவிறுவென்று போட்டுவிடுவீர்கள். கண்ணுக்கு வரும்போது மட்டும் மூச்சு தானாக நின்றுவிடும். ஒரு நூல் பிசகினாலும் முருகன் வேறு யாரோ ஆகிவிடுவாரே! காலண்டரில் எண்ணெய்க் கறை படிந்ததற்கு அம்மாவிடம் திட்டு தனியாக விழும். திட்டு மறந்துவிட்டது. அந்தக் கண் மறக்கவில்லை.

காலண்டர் வந்த ஊரும் படத்தாலேயே பிழைத்த ஊர். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். வானம் பார்த்த பூமியில் வண்ணம் விளைந்தது இப்படித்தான். கிளி, மயில், யானை, தாமரை என்று தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்துவைக்காத பையன் அந்தக் காலத்தில் உண்டா?

பக்கத்துக் கோவில்பட்டியில் ஒரு பெரிய கை இருந்தது. சி. கொண்டையராஜு. 1898-இல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதும் வேலையோடு இந்தப் பக்கம் வந்தார். கம்பெனி கலைந்தது, அவர் தங்கிவிட்டார். 1976-இல் மறையும் வரை அங்கேதான். அவர் எழுதிய லட்சுமியும் முருகனும் சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாட்டுச் சுவர்களில் ஏறினார்கள். அவர் படங்களில் ஓவியர் ரவிவர்மாவின் சாயல் உண்டு. சீடர் டி.எஸ். சுப்பையாவின் பெயரும் அவர் பெயரோடு சேர்ந்தே பல படங்களில் இருக்கும். ரவிவர்மாவைப் பார்த்துக் கொண்டையராஜு வரைந்தார். அவரைப் பார்த்துச் சீடர்கள் வரைந்தார்கள். காலண்டரைப் பார்த்து நீங்கள் வரைந்தீர்கள். அந்த வரிசையில் நீங்களும் நின்றிருக்கிறீர்கள்!

பிறகு ஒரு நாள் யாரோ கேட்டார்கள், "பார்த்து வரைஞ்சதுதானே?" என்று. அன்றோடு பென்சிலைக் கீழே வைத்துவிட்டோம், பலரும்.

ஆமாம், பார்த்து வரைந்ததுதான். ஆனால் அத்தனை நேரம், அத்தனை பொறுமையாக, வாழ்க்கையில் வேறு எதைப் பார்த்திருக்கிறோம்? இன்று ஒரு நாளில் ஆயிரம் படங்கள் கைப்பேசியில் ஓடுகின்றன. ஒன்றின் காது எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது. வரையும் பிள்ளைக்கு ஒரே படம்தான், அதன் நகம்வரை தெரியும். கையால் வரைந்தவன்தான் கண்ணால் பார்த்தவன்.

அந்தச் சுகம் கிடைக்காத பிள்ளைகளும் அதே ஊர்களில் இருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். விடியும் முன்பே தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவர்கள். நாம் சேர்த்துவைத்த லேபிளை அவர்கள் ஒட்டினார்கள். படம் அவர்கள் விரலில் நாளெல்லாம் இருந்தது, பார்க்கத்தான் நேரம் இல்லை. இன்று பள்ளிக்குப் போகும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கையில் ஒரு வண்ணப் பென்சில் பெட்டி இருக்க வேண்டும். அது சின்ன விஷயமே இல்லை.

பழைய காலண்டர் வீட்டில் எங்காவது சுருட்டிக் கிடக்கும். எடுங்கள், அதன் முதுகு வெள்ளையாகத்தான் இருக்கும். எதிரே இருக்கும் செம்பையோ செருப்பையோ பார்த்து வரையுங்கள். பக்கத்தில் ஒரு குழந்தை இருந்தால் பாதியைக் கிழித்து அதற்கும் கொடுங்கள். அது வரைந்து கொண்டுவந்து காட்டும்போது, பார்த்து வரைந்ததா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.