இன்மை என்னும் சான்று: மூலிகை மருந்தும் அளவை நூலும்

ஒரு மூலிகை மருந்து தலைமுறை தலைமுறையாக உண்ணப்பட்டு வந்தது என்பது அம்மருந்துக்குச் சான்றாகுமா என்னும் வினாவை மருந்தியலார் புள்ளிவிவரக் கேள்வியாகவே எடுத்துக்கொள்கின்றனர். அடிப்படையில் அது அளவையியலைச் சார்ந்தது, அதாவது எந்த வழியால் வந்த அறிவு மெய்யறிவாகும் என்று ஆராயும் துறையைச் சார்ந்தது. மணிமேகலையின் இருபத்தேழாம் காதை பத்து அளவைகளை எண்ணுகிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் அளவைகளைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடக்கிவிடுகிறது. புலன்வழி நேரே அறிவது காட்சி. அறிந்ததிலிருந்து அறியாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது உரை. மூலிகைக்காக வாதிடுவோர் மரபை உரையளவையாகவே முன்வைக்கின்றனர். ஆனால் அவ்வாதத்தைப் பிரித்துப் பார்த்தால் அதனுள் வேறோர் அளவை ஒளிந்திருப்பது தெரியும்.

உரையின் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். தருக்க நூலாகிய நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் வேதத்தின் நம்பகத்தன்மையை நிறுவ மந்திரத்தையும் ஆயுர்வேதத்தையும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. மருத்துவ நூல் சொன்னபடி நோய் தீர்வதைக் கண்ணால் காண முடிகிறது, ஆகவே அதைச் சொன்னவர் நம்பத்தக்கவர், அத்தகையோர் காணமுடியாத பொருள் பற்றிச் சொன்னதும் நம்பத்தக்கது என்பது அவ்வாதத்தின் போக்கு. இங்கே மருத்துவ நூல் பழமையால் மதிப்புப் பெறவில்லை. சோதித்துப் பார்க்கக் கூடியது என்பதாலேயே வேதத்துக்குப் பிணை நிற்கிறது. இந்தியாவின் 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டமோ இந்த ஓட்டத்தைத் திருப்பிவிட்டிருக்கிறது: அதன் முதல் அட்டவணையில் அகத்தியர், போகர், புலிப்பாணி ஆகியோர் பெயரால் வழங்கும் நூல்கள் இடம்பெற்றிருக்க, அவற்றிலுள்ள செய்முறைப்படி, அவற்றில் சொன்ன நோய்க்கே செய்யப்படும் மருந்து, உரிமம் பெறுவதற்குப் புதிதாகச் சிகிச்சைச் சோதனை நடத்திக் காட்ட வேண்டியதில்லை. மருந்து நூலுக்குச் சான்றாக நின்ற இடத்தில் இன்று நூல் மருந்துக்குச் சான்றாக நிற்கிறது.

நியாயத்தாரும் பிழைக்கு அப்பாற்பட்டவர் அல்லர். மந்திரத்தால் நஞ்சு இறங்குவதை அவர்கள் கண்கூடு என்றே கொண்டனர். கடிக்கும் பாம்புகளில் பல நஞ்சற்றவை, நஞ்சுள்ளதும் சில வேளை நஞ்சைச் செலுத்தாமலே கடிக்கும் என்பதால், ஓதியவருக்கெல்லாம் வெற்றி எளிதாகக் கிடைத்திருக்கும்.

கீழாநெல்லியின் நிலையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தமிழகத்தில் யாரும் சான்று கேட்காத செய்தி; அரைத்து மோரில் கலக்கிக் குடித்தவர் சில வாரங்களில் தேறுவது காட்சியே. ஆனால் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸால் வரும் காமாலை பெரும்பாலோருக்கு மருந்தின்றியே சில வாரங்களில் இறங்கிவிடுவதால், இது காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். இதைத் தீர்க்கத் தருக்க நூலார் இரண்டைக் கேட்பர்: காரணம் உள்ளவிடத்தில் காரியம் உண்டு என்னும் அன்னுவயம், காரணம் இல்லாதவிடத்தில் காரியமும் இல்லை என்னும் வெதிரேகம். வீட்டு வைத்தியத்தில் முன்னது தாராளமாகக் கிடைக்கும், பின்னது கிடைப்பதே இல்லை. ஏனெனில் கண் மஞ்சளித்த பிள்ளைக்கு இலையைக் கொடுக்காமல் என்ன ஆகிறதென்று பொறுத்துப் பார்க்கும் தாய் இல்லை. மருந்தைப் போலவே தோன்றும் வெறும் தூளாகிய மருந்துப்போலியை ஒரு சாராருக்குக் கொடுத்து ஒப்பிடும் இக்காலச் சோதனை, அந்த வெதிரேகத்தை வேண்டுமென்றே உண்டாக்கிக்கொள்ளும் ஏற்பாடுதான்.

அத்தகைய சோதனை சென்னையிலேயே நடந்தது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் பற்றிய கண்டுபிடிப்புக்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க்கும் பங்கேற்ற அவ்வாய்வு 1988-இல் லான்செட் இதழில் வெளிவந்தது: அவ்வைரஸை உடலில் தாங்கியிருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லித் தூள் கொடுத்ததில் 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது, மருந்துப்போலி உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு ஆயிற்று. பிற நாடுகளில் பின்னர் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. செடியின் இனமும் விளைந்த மண்ணும் வேறு என்று விளக்கம் சொல்லப்பட்டது; அது உண்மையாகவே இருந்தாலும், கடையில் புட்டியில் அடைத்து விற்கும் தூள் எந்த மண்ணில் விளைந்தது என்னும் கேள்வி எஞ்சுகிறது. மேலும், மரபு சொன்னது காமாலையைப் பற்றி. சோதனை ஆராய்ந்ததோ நோய்க்குறி இன்றியும் உடலில் தங்கியிருக்கும் வைரஸை. ஒன்றன் வெற்றி தோல்வியை மற்றொன்றின் கணக்கில் எழுத முடியாது.

பயனைவிடத் தீங்கைப் பற்றிய வாதமே நுட்பமானது. 'இத்தனை காலம் உண்டும் கெடுதல் ஒன்றும் வரவில்லை' என்பது உரை போல ஒலித்தாலும் உண்மையில் இல்லாமையை அளவையாகக் கொள்ளும் வாதம். குமாரில பட்டரின் மீமாம்சை இதைத் தனி அளவையாக ஏற்கிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் தென்பட்டிருக்கும் என்ற சூழலில் தென்படாமையே அதன் இன்மையைக் காட்டும். விளக்கெரியும் அறையில் குடம் தெரியவில்லையென்றால் குடம் இல்லை. இருட்டறையில் தெரியவில்லையென்றால் அதிலிருந்து ஒன்றும் பெறப்படாது. உண்டவுடன் வாந்தியோ மயக்கமோ தரும் செடியை மரபு தவறவிட்டிருக்காது, அங்கே விளக்கு நன்றாகவே எரிந்தது. ஆண்டுகள் கடந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் செடி வேறு வகை. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சீன மூலிகை உண்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பெயரொற்றுமையால் ஒரு செடிக்குப் பதில் அரிஸ்டலோக்கியா பேரினத்துச் செடி கலந்திருந்தது தெரியவந்தது, பின்னர் அவர்களுள் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றும் கண்டது. சித்த மருத்துவம் வழங்கும் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே பேரினத்தவை. அவற்றை நூலில் எழுதியவர் பொய் சொன்னவர் அல்லர். பத்தாண்டு கழித்து வரும் சிறுநீரக நோயை முன்பு உண்ட வேரோடு இணைத்துப் பார்க்கும் கருவி அவரிடம் இல்லை. எதைக் காணும் நிலையில் ஒருவர் இருந்தாரோ அதுவரையே அவருடைய உரை செல்லும்.

நம்பத்தக்கவராகிய ஆப்தருக்கு, நியாய சூத்திரத்துக்கு விளக்கம் எழுதிய வாத்ஸ்யாயனர் மூன்று இயல்புகள் சொல்கிறார்: பொருளை நேரே அறிந்திருத்தல், உயிர்கள்மேல் இரக்கம், அறிந்ததை உள்ளவாறே சொல்லும் விருப்பம். இன்று கடையில் மூலிகை மருந்தையும் விற்கும் மருந்தாளுநரை இவ்வளவுகோலில் நிறுத்தினால், மூன்றாவதுதான் இடர்ப்படுகிறது. அவரிடம் கேட்பவரே வாங்குபவராகவும் இருக்கிறார். சில இடங்களில் அவருடைய அறிவு உறுதியானது: மனச்சோர்வுக்காக மேலைநாடுகளில் உண்ணப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், மாற்றுறுப்பை உடல் ஒதுக்கிவிடாமல் காக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தைக் கல்லீரல் விரைவாகச் சிதைக்கும்படி செய்கிறது, அதனால் மாற்று இதயம் ஒதுக்கப்படும் நிலை நேர்ந்ததும் 2000-இல் பதிவாகியிருக்கிறது, இங்கே தயங்காமல் தடுக்கலாம். பல சூரணங்களும் குடிநீர்களும் இன்றைய மாத்திரைகளோடு சேரும்போது என்ன ஆகும் என்று யாரும் பார்த்ததில்லை, போகர் காலத்தில் அம்மாத்திரைகளும் இல்லை. அங்கே 'கெடுதல் இல்லை' என்பதும் 'கெடுதல் காணப்படவில்லை' என்பதும் ஒன்றல்ல என்று அவர் பிரித்துச் சொன்னாலும், சோதிக்கப்பட்ட மாத்திரைக்குப் பக்கத்திலேயே அந்தச் சூரணப் புட்டியை அவருடைய அலமாரி நிறுத்தி வைத்திருக்கிறது. வாங்க வருபவர் அந்த அடுக்கையும் மருந்தாளுநரின் உரையாகவே கொள்கிறார்.