பார்வையின் பாதுகாவலர் யார்?

சென்னையில் 1929-இல் பிறந்த அறிவியலார் ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் தம் உடன்பணியாளர் இருவரோடு 1981-இல் ஓர் உண்மையைக் கண்டார். புறஊதா லேசர் கதிர், அருகிலுள்ளதைக் கருக்காமல் உயிர்த்திசுவைச் செதுக்க வல்லது என்பதே அது. கண்ணாடியின்றிக் காணச் செய்யும் இன்றைய சிகிச்சைக்கு அதுவே வித்து.

லாசிக் முறையில் கருவிழியின் மேற்பகுதி மெல்லிய மடலாகத் திறக்கப்படுகிறது. கதிர் உள்ளே வளைவைத் திருத்தியபின், தையலின்றியே அம்மடல் மூடப்படுகிறது. சில நிமிடங்களில் முடியும் பணி இது; ஆயினும் ஆறுவதற்குக் காலம் வேண்டும். கண்ணைக் கசக்கினால் மடல் விலகக்கூடும். சொட்டு மருந்தைத் தாமாகவே நிறுத்துவதும் தவறு, நீட்டிப்பதும் தவறு. புழுதி, புகை, குளத்துநீர் ஆகா. உறங்கும்போது கண்காப்பு அணிதல் நலம்.

எளிய விதிகளே என்போம். ஆனால், முந்திரித் தோப்புகள் சூழ்ந்த வரதராஜன்பேட்டைக்கு இச்சிகிச்சை பெற்றுத் திரும்பும் ஒரு மருமகளை எண்ணிப் பார்ப்போம். முந்திரி பொறுக்கும் கோடையில் தோப்பு அவளை அழைக்கும். வீட்டில் அடுப்பு காத்திருக்கும். கண் தெளிவாகத் தெரிவதால், குணமாகிவிட்டாள் என்றே அனைவரும் கருதுவர். “ஓய்வெடு” என்று அவளிடம் சொல்வது அறிவுரை. அவளது அடுப்பை நாம் ஏற்பதே அறம்.

பெற்ற கொடையைக் காப்பது பெற்றவர் கடமை என்பது பாதி உண்மையே. காப்பதற்கு இடம் தருவது உடன் வாழ்வோர் கடமை. “நன்றாகத் தெரிகிறதா?” என்று கேட்கும் நாம், “உன் வேலையில் எதை நாங்கள் செய்யட்டும்?” என்றும் கேட்போமாக.